தலைநகரில் செருப்பு: ஓர் ஆய்வு

புது டெல்லியைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே எழுதிவிட்டார்கள். இந்தியா கேட் 42 மீட்டர், குதுப் மினார் ஏறக்குறைய 73 மீட்டர் என்று உயரக் கணக்குக் கொடுத்தவர்களில் ஒருவராவது குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இந்த ஆய்வின் நோக்கம். கருதுகோள் எளியது. ஓர் இடம் கோயிலா, நினைவிடமா, வெறும் கட்டடமா என்பதை அதன் பெயர்ப்பலகை முடிவு செய்வதில்லை. அதன் வாசலில் கிடக்கும் செருப்புதான் முடிவு செய்கிறது.

தரவு: எங்கள் குடும்பத்தார் பதினொரு பேர், அவர்களுடைய இருபத்திரண்டு செருப்புகள், ஒரு வாடகை வேன், மூன்று நாள். காலம்: மே மாதம். பள்ளிக்கூட விடுமுறையைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் மே மாதத்தில் யாரும் டெல்லிக்குப் போவதில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய் கரோல் பாகில் தங்கினோம். போய் இறங்கிய மறுநாள் திங்கட்கிழமை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் அன்று விடுமுறை என்பது டிக்கெட் எடுத்த சித்தப்பாவைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது. ஆகவே ஆய்வின் முதல் நாள் தரவு கொஞ்சம் மெலிவானது.

முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிடுவது மரபு. செருப்புக்கும் அரசாட்சிக்கும் உள்ள உறவை முதலில் நிறுவியவன் பரதன். பதினான்கு ஆண்டு அண்ணனின் பாதுகையை அரியணையில் ஏற்றி ஆட்சி நடத்தினான். அதையும் தலைநகருக்குள் வைக்காமல் ஊருக்கு வெளியே நந்திகிராமத்தில் வைத்தான் என்பது நம் கவனத்துக்குரியது. அடுத்தவர் வேதாந்த தேசிகர். அரங்கனின் பாதுகையைப் பற்றி மட்டும் 1008 சுலோகங்கள், அதுவும் ஒரே இரவில் என்பது வைணவ மரபு. இந்த இருவருக்கும் பிறகு இத்துறையில் பெரிய தொய்வு.

இனி ஆய்வுக்கு வருவோம். ராஜ்காட்டில் கழற்ற வேண்டும். 1948 ஜனவரி 31 அன்று காந்தியின் உடல் எரியூட்டப்பட்ட இடம். கறுப்புப் பளிங்கு மேடை, அதில் 'ஹே ராம்', பக்கத்தில் அணையா விளக்கு. இவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம் தேசிய காந்தி அருங்காட்சியகம். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியும், உடலில் பாய்ந்த குண்டுகளில் ஒன்றும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே செருப்போடு போகலாம். வெறும் மேடைக்கு வெறுங்கால், ரத்தத்துக்கு ரப்பர் செருப்பு. இந்த முரணை நான் சித்தப்பாவிடம் எடுத்துச் சொன்னபோது, "வெயில்ல நிக்க வெச்சு ஆராய்ச்சி பண்றியா?" என்றார். நியாயமான விமர்சனம்.

வெயில் என்றதும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பளிங்கு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. டெல்லியின் சிவப்பு மணற்கல் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஜும்மா மசூதி முற்றத்தில் மதியம் ஒரு மணிக்கு விரிப்பை விட்டு இரண்டடி விலகிய என் தம்பி மகன் செய்த நடனத்துக்கு எந்தச் சாஸ்திரத்திலும் பெயர் கிடையாது. ஷாஜகான் 1656இல் கட்டி முடித்தபோது அவருக்கு அங்கே நிழற்பந்தல் இருந்திருக்கும் என்பது என் துணிபு.

தாமரைக் கோயிலில் நிலைமை வேறு. 1986இல் திறக்கப்பட்ட பஹாய் வழிபாட்டு மண்டபம். பளிங்கு போர்த்திய 27 இதழ்கள். எல்லா மதமும் ஒன்று என்பது அவர்கள் கொள்கை. அதை அவர்கள் செருப்பிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். ஆளுக்கொரு இடம் கிடையாது. ஒரு சாக்குப்பையைக் கையில் கொடுத்து, கூட வந்தவர்கள் செருப்பையெல்லாம் அதில் போடு என்கிறார்கள். ஒரு வீட்டுப் பாகப்பிரிவினைக்குப் பிறகு ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத சித்தப்பாவின் செருப்பும் என் மாமாவின் செருப்பும் ஒரே சாக்கில், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே டோக்கனின் கீழ் முக்கால் மணி நேரம் கிடந்தன. வெளியே வந்ததும் மாமாதான் சாக்கிலிருந்து சித்தப்பாவின் செருப்பை எடுத்துக் கீழே போட்டார். பேசவில்லை. ஆனால் ஜோடியாகப் போட்டார்.

கழற்றாத இடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குதுப் மினார், செங்கோட்டை, ஜந்தர் மந்தர் எல்லாம் நடக்கும் இடங்கள். செருப்பு தேயும், அவ்வளவுதான். தேசிய போர் நினைவகத்தில் மட்டும் என் கருதுகோள் சற்றுத் தடுமாறியது. இந்தியா கேட்டில் 1972 முதல் எரிந்துவந்த அமர் ஜவான் ஜோதியை 2022இல் அங்குள்ள சுடரோடு சேர்த்துவிட்டார்கள். நினைவிடம்தான், சுடரும் இருக்கிறது, ஆனால் மரியாதை பூட்ஸோடு செலுத்தப்படுகிறது. பூட்ஸைக் கழற்றிவிட்டால் ராணுவ சல்யூட்டில் அந்தச் சத்தம் எப்படி வரும்? விதிவிலக்காகக் குறித்துக்கொண்டேன்.

தேசிய அருங்காட்சியகத்தில் நடந்ததுதான் இந்த ஆய்வின் திருப்புமுனை. மொகஞ்சதாரோவின் நடன மங்கையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு வந்த படத்தை நம்பி ஆளுயரச் சிலையை எதிர்பார்த்தால் எப்படிக் கிடைக்கும்? அவள் பத்தரை சென்டிமீட்டர்தான். பாதம் உடைந்துபோய்விட்டது. செருப்பு அணிந்திருந்தாளா என்ற அடிப்படைக் கேள்விக்கு இனி விடை கிடைக்காது.

வெண்கலக் கூடத்துக்குள் நுழைந்தபோது பெரியத்தையைக் காணோம். வயது எழுபத்தொன்று, இந்தி ஒரு சொல் தெரியாது, எல்லோருக்கும் பதற்றம். பார்த்தால், புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளத்திலிருந்து வந்த சோழர் கால நடராஜர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலைத் தூக்கி ஆடாத சதுர தாண்டவ மூர்த்தி அவர். அத்தையின் அவாய் செருப்பு இரண்டும் ஓரமாகத் தூணடியில் ஒழுங்காகக் கிடந்தன. ஒன்றில் அறுந்த வாருக்கு ஊக்குக் குத்தியிருந்தது. காவலர் ஓடிவந்து, "மாதாஜி, சப்பல் பெஹன் லோ" என்று செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்து, தமிழிலேயே, "சாமி முன்னாடி செருப்போடவா நிக்கிறது? நீயும் கழட்டுப்பா" என்றார்.

காவலர் கழற்றவில்லை. ஆனால் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிக்கும்வரை பேசாமல் நின்றார். அந்த இரண்டு நிமிடம் அந்தக் கூடம் அருங்காட்சியகமாக இல்லை. பெயர்ப்பலகை மாறவே இல்லை என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

இதுவரை கழற்றும் செருப்பு. டெல்லியில் கழற்றாமலே போன கால்களும் உண்டு. காந்தி ஸ்மிருதியில், அவர் கடைசி 144 நாள் தங்கியிருந்த வீட்டில், அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரைக்கும் அவருடைய கடைசி நடையைச் சுவடு சுவடாகப் பதித்திருக்கிறார்கள். 5 மணி 17 நிமிடத்தில் சுவடு நின்றுவிடுகிறது. அதன்மேல் மிதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பக்கத்திலேயே நடக்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சிறையில் தன் கையால் ஒரு ஜோடி செருப்பு தைத்து, தன்னைச் சிறையில் வைத்த ஸ்மட்ஸுக்கே கொடுத்த மனிதர் இவர். 1939இல் ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார்.

சப்தர்ஜங் சாலை ஒன்றாம் எண் வீட்டில் இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31 அன்று நடந்த பாதையைக் கண்ணாடி போர்த்தி வைத்திருக்கிறார்கள். அதே வீட்டுக்குள் ஒரு கண்ணாடிப் பேழையில் ராஜீவ் காந்தி கடைசியாக அணிந்திருந்த உடையின் மிச்சமும் ஷூவும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், 1991 மே 21. அதுவரை "அடுத்து எங்கே, சாப்பாடு எப்போ" என்று கேட்டுக்கொண்டிருந்த பதினொரு பேரும் அங்கே பேச்சை நிறுத்திவிட்டோம். செருப்பைக் கழற்றச் சொல்லும் ஊரில் ஒரு ஷூவைப் பார்க்க வரிசை நிற்கிறது. என் அட்டவணையில் இதற்குக் கட்டம் போட்டிருக்கவில்லை. "நம்ம ஊருக்கு வந்த புள்ள" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார்.

கடைசி நாள் மாலை பங்களா சாகிப் குருத்வாரா. இடையில் ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) என் தங்கையின் இடது கால் செருப்பு மட்டும் காணாமல் போயிருந்தது. ஒற்றைச் செருப்பைத் திருடுபவனின் பொருளாதாரம் தனி ஆய்வுக்குரியது, நாயாக இருக்கலாம். அந்தக் கசப்போடு குருத்வாராவின் ஜோடா கருக்குப் போனோம். செருப்பு வாங்கி வைக்கும் இடத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். காசு கிடையாது. சம்பளத்துக்கு நிற்பவர்கள் இல்லை. சேவையாக வந்து நிற்பவர்கள். எங்களிடம் வாங்கியவருக்கு அறுபது வயதிருக்கும், நீலத் தலைப்பாகை, கையில் விலை உயர்ந்த வாட்ச். அத்தையின் ஊக்குக் குத்திய செருப்பை இரு கையாலும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். படிக்கட்டடியில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போய், குளத்தைச் சுற்றி, லங்கரில் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினோம்.

செருப்பு வந்தது. மூன்று நாள் டெல்லித் தூசி ஒரு பொட்டு இல்லை. துணியால் துடைத்து வைத்திருக்கிறார்கள், ஊக்கு உட்பட.

அத்தை அதை வாங்கினார், போட்டுக்கொள்ளவில்லை. "போடுங்க அத்தை, தரை சுடுது" என்றேன்.

"ஒரு பெரிய மனுஷன் கையால தொடச்சுக் குடுத்ததை எப்படிடா கால்ல போடுறது?"

தலையில் வைக்கவில்லை, அந்த அளவுக்கு ராமாயணம் இல்லை. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, பித்தவெடிப்புக் காலால் தார் ரோட்டில் தத்தித் தத்தி வேன் வரைக்கும் நடந்தார். வேனில் மடியில் வைத்துக்கொண்டார். கரோல் பாகில் இறங்கும்போதுதான், ஊக்கு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கீழே போட்டுக் காலை நுழைத்தார்.