வெல்ஷ்லாந்து: ஒரு பெயரும் அதற்கு அக்ரூட் பகரும் சாட்சியும்

சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசுவோர், ஜெனீவா, வோ, நோஷாத்தெல், ஜூரா ஆகிய மாநிலங்களும் ஃபிரிபூர், வலே, பெர்ன் ஆகியவற்றின் பிரெஞ்சு வழங்கும் பகுதிகளும் அடங்கிய தம் நாட்டின் மேற்கு நிலத்தை ‘வெல்ஷ்லாந்து’ என்று அழைப்பர். அந்நில மக்கள் தம்மை ‘ரொமாந்’ என்றே சொல்லிக்கொள்வதால், இது அவர்களைக் கேளாமல் இடப்பட்ட பெயர் என்பது வெளிப்படை.

ஹெர்சினியக் காட்டருகே வாழ்ந்ததாக ஜூலியஸ் சீசர் குறித்த ‘வோல்கே’ என்னும் கெல்டிக் குடியின் பெயரே இதன் வேர் என்பது மொழிநூலார் பெரும்பாலோர் கொள்கை. அண்டையிலிருந்த ஜெர்மானியர் அதை ‘வல்ஹஸ்’ என்றாக்கி, முதலில் கெல்டியர் அனைவருக்கும் இட்டனர். கெல்டியர் பலர் ரோமானிய ஆட்சியில் லத்தீனுக்கு மாறியபின், லத்தீன்வழி மொழி பேசுவோர்க்கெல்லாம் அதையே நீட்டித்தனர். பிரிட்டனின் வேல்ஸ், பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா ஆகியவை இவ்வேரின் கிளைகளே. இத்தாலியரை ஹங்கேரியர் ‘ஒலஸ்’ என்பதும் இதன் வழித்தே.

இனி, ஆய்வுலகம் போதிய மரியாதை காட்டாத சான்றாகிய அக்ரூட்டுக்கு வருவோம். கோல், இத்தாலி ஆகிய லத்தீன் நிலங்களிலிருந்து வந்ததால் இது ஜெர்மனில் ‘வெல்ஷ் கொட்டை’ எனப்பட்டு, இன்று ‘வால்நுஸ்’ என வழங்குகிறது. ஆங்கில ‘வால்நட்’ இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் ‘வால்’ என்றால் சுவராயிற்றே எனக் கொண்டு, கொட்டை சுவரேறிக் குதித்து வந்ததாகக் கருதும் பாமரக் கொள்கை இங்கு ஏற்கப்படவில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழிக்கும் மக்காச்சோளத்துக்கும் முறையே ‘வெல்ஷ் சேவல்’, ‘வெல்ஷ் தானியம்’ என்ற பெயர்கள் ஜெர்மனில் வழங்கியிருப்பது சிக்கலை உண்டாக்குகிறது. வான்கோழி லத்தீன் பேசியதற்குச் சான்றில்லை. எனவே ‘வெல்ஷ்’ என்பதற்கு, பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து வந்ததும் பேச்சு விளங்காததுமாகிய எதுவும் என்றே இலக்கணம் வகுக்க வேண்டியிருக்கிறது. விளங்காத உளறலை ஜெர்மானியர் ‘கவுடர்வெல்ஷ்’ என்பது இதற்கு அரண்.

ஒரு குடியின் பெயரை ஓர் இனத்துக்கே சூட்டிய இச்செயலைப் பிரெஞ்சுக்காரர் வாளா விடவில்லை. அலமானி என்னும் ஒரேயொரு ஜெர்மானியக் குடியின் பெயரைக் கொண்டே அவர்கள் ஜெர்மனி முழுவதையும் இன்றளவும் ‘அல்மாஞ்’ என்கின்றனர். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியைக் குறிக்கும் அவர்களது ‘அலமானிக்’ என்னும் அடைமொழியும் அக்குடியின் பெயரிலிருந்து வந்ததே.