டிஸ்னியில் அரை டிக்கெட்

அட்லாண்டா,
செப்டம்பர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். 1971-இல் திறந்த இடம். மேஜிக் கிங்டம், எப்காட் என்று மொத்தம் நான்கு பூங்காக்கள். ஒரு நாள் டிக்கெட்டே தலைக்கு நூறு டாலருக்கு மேல். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், பிரஷர் ஏறும்.

சின்ன வயதில் பஸ்ஸில் கண்டக்டர் வரும்போது "குனிஞ்சு உக்காருடா" என்று என் தலையை அமுக்குவீர்களே, அந்த வித்தைக்கு இங்கே வேலையே இல்லை. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது, சின்னவன் தப்பித்தான். பத்து வயதானால் முழு டிக்கெட். பெரியவளுக்கு ஒன்பதுதானே, அரை டிக்கெட் என்று துள்ளினேன். பார்த்தால் சில டாலர்தான் குறைவு!

விலை தேதிக்குத் தேதி மாறும். கிறிஸ்துமஸ் சமயம் உச்சம்; பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் இறங்கும். அதனால் பெரியவள் பள்ளிக்கு மட்டம். மத்தியானமானால் இடி மழை. டாலர் கடையில் வாங்கிப்போன மழைக்கோட்டு மானத்தைக் காப்பாற்றியது.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், ஆனால் கண்ணாடிப் பாட்டில் கூடாது. உங்கள் மருமகள் முதல்நாள் இரவே மாவடுவை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டாள். சிண்ட்ரெல்லா கோட்டையைப் பார்த்தபடி புளியோதரை சாப்பிட்டோம். சாப்பாட்டுக் கடைகளில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசம்; விவரம் தெரியாதவர்கள் பாட்டில் வாங்குகிறார்கள்.

பல ரைடுகளில் இறங்கி வெளியே வரும் வழியே பொம்மைக் கடைக்குள்தான். பெரியவள் கையில் 25 டாலரைக் கொடுத்து, "செலவு போக மிச்சம் உனக்கே" என்றேன். மிக்கி காது வைத்த பட்டையைத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்தாள். விலைச்சீட்டைத் திருப்பினாள். சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டாள். உங்கள் பேத்தியேதான்!

ஊர் திரும்பிக் கணக்குப் போட்டேன். புளியோதரையிலும் தண்ணீரிலும் மிஞ்சியது சில்லறை. தேதி பார்த்துப் போனதும், பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் அடுப்போடு அறை எடுத்ததும்தான் உருப்படியான மிச்சம்.

ஆகவே நீங்களும் பெரியம்மாவும் வருவதானால் அடுத்த செப்டம்பருக்கே வாருங்கள். விசாவுக்கு இப்போதே எழுதிப்போடுங்கள். மாவடு மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்