விக்கிரவாண்டியில் பயின்றவர் ஜப்பானில் நூடுல்ஸ் சாப்பிடுவது எப்படி?

ஒரகடத்துக் கம்பெனி உங்களைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புகிறது. திண்டிவனத்தில் பிறந்து விழுப்புரத்தில் பெண் எடுத்த உங்களுக்கு, அங்கே உடோன் நூடுல்ஸ் கடையில் எப்படி நடந்துகொள்வது என்று கவலை. விடுங்கள். விக்கிரவாண்டி மோட்டலில் "வண்டி பத்து நிமிஷந்தான் நிக்கும்" என்ற குரலுக்கு இட்லி விழுங்கி வளர்ந்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

முதலில் டோக்கன். பல கடைகளில் வாசலிலேயே இயந்திரம் நிற்கும். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். "சில்லறை இல்லையா?" என்று முறைக்காது, அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் நின்றபடியே சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடைகளும் உண்டு. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, பொட்டலம் வாங்கி, நகரும் ரயிலில் தொற்றி ஏறியவர் அங்கே வாடிக்கையாளர் அல்ல, வாத்தியார்.

மாவு பிசைவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான் உடோன். ககாவா மாகாணத்துச் சானுகி உடோனுக்கு மாவைப் பொதிந்து வைத்துக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். இழை அறுபடாமல் இழுத்துக் கொடுப்பது அந்த மிதியால்தான். முகம் சுளிக்காதீர்கள். நம்மூர் பரோட்டா மாவு கல்மேடையில் வாங்கும் அடியைப் பார்த்த பிறகும் "இன்னும் ரெண்டு போடுண்ணே" என்றவர்தானே நீங்கள்?

சில சானுகிக் கடைகளில் குழாயைத் திறந்து சாற்றை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். சாம்பார் வாளியோடு ஆள் வருவார் என்று காத்திருந்தால் நூடுல்ஸ் ஊறிப்போகும். அந்தத் தெளிந்த சாறு பார்க்கச் சைவமாகத் தெரியும். அதில் கட்சுவோபுஷி இறங்கியிருக்கலாம்: சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. மாசிக் கருவாட்டின் பங்காளி. வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் இந்தப் பத்தியைச் சாப்பிட்ட பிறகு படிக்கவும்.

சத்தம் போட்டு உறிஞ்சலாம். அம்மா பக்கத்தில் இல்லை. குச்சிகளைச் சோற்றில் மட்டும் நட்டு வைக்காதீர்கள், அது அவர்கள் இறந்தவருக்குப் படைக்கும் முறை. குளிர்ந்த சோபா முடிந்ததும் சிறு கெண்டியில் சூடாக ஏதோ வரும். கை கழுவ அல்ல! நூடுல்ஸ் வெந்த தண்ணீர் அது; மீந்த சாற்றில் ஊற்றிக் குடிப்பதற்கு.

டிப்ஸ் வைக்காதீர்கள். வைத்தால், மறந்துவிட்டுப் போனதாக நினைத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார்கள். காசு குறைந்துவிட்டதோ என்று நீங்களும் ஓடாதீர்கள்.