பாப்பா என்னும் புறம்போக்கு: ஓர் உரிமைத் தகராறு

இரண்டு உதடுகளையும் மூடி, மூச்சைச் சற்றே அடக்கி, படக்கென்று திறந்தால் 'பா' பிறக்கும். பல் வேண்டாம், நாக்கும் புரள வேண்டாம். அதையே இருமுறை செய்தால் 'பாப்பா'. தொட்டிலில் எச்சிலொழுகக் கிடக்கும் எந்தக் குழந்தைக்கும் எளிதில் கைவரும் இவ்வொலி, தொடக்கத்தில் யாரையும் குறிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள்தாம் 'என்னைத்தான் கூப்பிடுது' என்று பாய்ந்து வந்து அதைக் கைப்பற்றுகிறார்கள். தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் மொழிதோறும் ஒத்திருப்பது ஏன் என்று மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் எழுதி 1960இல் வெளிவந்த கட்டுரையும் ஏறத்தாழ இதையே நாகரிகமாகச் சொல்கிறது. ஆகவே 'பாப்பா' ஓர் ஒலிப் புறம்போக்கு. வேலி போட்டவருக்கே அனுபவ பாத்தியதை என்பது இவ்வாய்வின் துணிபு.

சான்றுகள் பல. ரஷ்யாவில் அது தந்தைக்குச் சொந்தம். பக்கத்து ஜார்ஜியாவில் தாத்தாவின் கைக்குப் போய்விட்டது; தந்தை அங்கே 'மாமா'வை வளைத்துக்கொள்ள, தாய் 'தேதா' என ஒதுங்கிக்கொண்டாள். நடு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பிட்ஜன்ட்ஜட்ஜாரா மொழியிலும் தந்தை 'மாமா'தான், 'பாப்பா'வோ நாய். பெரிய ஆக்கிரமிப்பு நடந்தது திருச்சபையில். கிரேக்க மழலையில் தந்தையைக் குறித்த 'பப்பாஸ்', லத்தீனில் 'பாப்பா'வாகி, ஆயர்களை அழைக்கும் சொல்லாகி, மேற்கே ரோம் ஆயருக்கு மட்டுமே உரிய பட்டமாயிற்று. அலெக்சாந்திரியாவின் காப்டிக் திருச்சபைத் தலைவர் தம் பங்கை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வில்லங்கம் தெரியாமல் நாமும் 'பாப்பரசர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

தென் அமெரிக்காவில் உருளைக்கிழங்கும் 'பாப்பா'தானே, அதை எந்தக் குழந்தை பெயரிட்டு அழைத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானியருக்கு வந்த சொல். மழலைக்கும் அதற்கும் உறவு காட்ட முடியாது. ஆனால் எளிய ஒலிகள் சிலவே. அவற்றுக்குப் போட்டியோ பெரிது. கிழங்கும் வந்து குடியேறியதில் வியப்பில்லை. ஸ்பானியத்தில் பெயருக்கு முன்வரும் சுட்டிடைச்சொல்லின் பால் மாறினால் போப்பாண்டவர் கிழங்காகிவிடுவார் என்பது இந்த இடநெருக்கடியின் விளைவு. தமிழ்ப் 'பாப்பா'வுக்குப் 'பார்ப்பு' என்னும் பழைய மூலப்பத்திரம் உண்டே, அது எப்படிப் புறம்போக்காகும் என்பது அடுத்த மறுப்பு. தொல்காப்பிய மரபியல் பறவைக் குஞ்சுக்குப் 'பார்ப்பு' என்ற பெயரைத் தருவது உண்மை. குஞ்சின் பெயர் குழந்தைக்கு வந்ததா, குழந்தையின் ஒலி குஞ்சுக்குப் போனதா என்று அப்பத்திரம் சொல்வதில்லை. எப்படிப் பார்த்தாலும் நிலம் இளசுகளின் கையைவிட்டுப் போகவில்லை.

இங்கேதான் தமிழின் தீர்ப்பு தனித்து நிற்கிறது. மற்ற இடங்களில் தந்தையும் தாத்தாவும் திருச்சபையும் பங்கிட்டுக்கொண்ட ஒலியைத் தமிழும், 'பாப' என்று சொல்லும் தெலுங்கும், அதை எழுப்பிய குழந்தைக்கே பட்டா போட்டுக் கொடுத்தன. உழுபவனுக்கே நிலம் என்ற கொள்கை இதைவிடச் சுத்தமாக எங்கும் அமலானதில்லை. குழந்தை வளர்ந்தபின் பட்டா காலாவதியாகாதா என்றால், ஆகாது. தனலட்சுமி என்ற இயற்பெயர் கொண்ட பொதுவுடைமைத் தலைவர், 1989இல் திருவெறும்பூர்த் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றபோதும் பாப்பா உமாநாத்தான்.