மாப்ளைக்குப் புதுக் காரு, காருக்கு அம்மை

ஏனுங் மாப்ள, காருக்கு அம்மை போட்டிருக்குதாட்ட இருக்குதுங்களே? பானட்டுல நாலு, கதவுக்கடியில ரெண்டு, பின்சக்கரத்து வளைவுல ஒண்ணு. வேப்பெல கட்டற உத்தேசமுங்களா, இல்ல மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறீங்களா?

அந்தப் பின்சக்கரத்துப் பொட்டு மேல வேல் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க பாருங்க, அந்த மூளைய நான் நெம்ப மெச்சறேன். மருதமலையில இருக்கறவருக்கு வேற சோலியே இல்ல, உங்க துருவுக்குக் காவலிருக்க வரோணும்! ஸ்டிக்கருக்கடியில ஈரம் நின்னுக்குங்க. காத்தும் தண்ணியும் சேந்தா இரும்பு துருவாகும். துருவானது பழைய இரும்பை விட எச்சா எடம் கேக்கும். அதுதான் பெயிண்டை முட்டித் தள்ளிக் கொப்புளம் கட்டுது. மேல பாத்தா கடுகத்தனை, அடியில எட்டணா அகலம்.

கேட்டா, "மாமா, எல்லாம் சிமெண்டுத் தூளு"ங்கறீங்க. நம்ம மதுக்கரைல ஒரு வழக்கமுங்க. 1934-ல இருந்து இங்க சிமெண்டு சுடறாங்க. அன்னைலேருந்து சளி புடிச்சாலும் சிமெண்டு, சம்பந்தம் தட்டிப் போனாலும் சிமெண்டு. துருவு விசயத்துல அது பாவமுங்க. சிமெண்டு சுண்ணாம்புக் காரம். அந்தக் காரத்துல இருக்கற வரைக்கும் இரும்பு துருவேறாது. இல்லீன்னா காங்கிரீட்டுக்குள்ள போட்ட கம்பியெல்லாம் எப்பவோ உளுத்துப் போயிருக்கும். ஆனா, ராத்திரிப் பனியில எந்தத் தூசியா இருந்தாலும் கார் மேல அப்பி நிக்கும். காலையில நீங்க தோள்ல கெடக்கற துண்டை எடுத்து வறட்டு வறட்டுன்னு தொடைக்கறீங்களே, அங்கதான் கோளாறு. மொதல்ல தண்ணிய ஊத்தித் தூசிய எறக்கிட்டுல்ல துணிய வெக்கோணும்?

காருல மொத்தப் பெயிண்டும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதானுங்க. அதை வெச்சுக்கிட்டு நீங்க பைபாஸ்ல தார்ப்பாய் கட்டாத ஜல்லி லாரிக்குப் பின்னாலேயே, அவன் என்னமோ உங்க சம்பந்தியாட்ட ஒட்டிக்கிட்டே போறீங்க. பானட்டுல இருக்கற நாலும் அவன் வெச்ச மொய்யுங்க. கதவுல இருக்கறது இட்டேரியில கிளுவை முள்ளு கீறுனது. பொறவு ஆடி வந்துருது. பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொறந்து கெடக்குது, சாரல் நேரா நம்ம வாசலுக்கு வருது. கீறலுக்குள்ள ஈரம் காயறதுக்கு நேரமேது? இதுபோக திருச்செந்தூர்ல கடலோரமா வண்டிய விட்டுட்டு நீங்க போய் முங்கி வந்தீங்க. உங்க பாவம் கரைஞ்சுதோ இல்லியோ, உப்புக்காத்து காருக்குக் கணக்கு எழுதிருச்சு. ஊருக்கு வந்ததும் அடிப்பக்கம் வரைக்கும் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவியிருக்கோணும்.

சித்தே இருங்க, எல்லாப் பொட்டையும் சொரண்டிராதீங்க. நகத்தை வெச்சுத் தடவிப் பாருங்க. பெயிண்டு வழுவழுன்னு அப்படியே இருந்து, மேல மட்டும் சொரசொரன்னு ஊசிமுனையத்தனை செம்புள்ளி இருந்தா அது உங்க காரோட துருவே இல்ல. ரயில் சக்கரமும் பிரேக்கும் தேஞ்சு பறக்கற இரும்புத்தூள், இல்லீன்னா பக்கத்துப் பட்டறையில கிரைண்டிங் போட்ட பொறி. வெள்ளக் காருல பளிச்சுன்னு தெரியும். சோப்புத் தண்ணி தெளிச்சு கிளே பார்ல மெதுவாத் தேச்சா வந்துரும். அதுக்குப் போய் உப்புத்தாளைப் போட்டீங்கன்னா, நல்லா இருக்கற பெயிண்டுக்கு நீங்களே குழி தோண்டுனாப்ல.

நெசத் துருவுன்னா வேலை வேறங்க. வண்டியக் கழுவிக் காய விட்டு, ஷெட்டுக்குள்ள நிறுத்துங்க. மரத்தடி வேண்டாம், காக்கா அதும்பங்குக்கு ஒரு பொட்டு வெக்கும். பொட்டைச் சுத்தி டேப்பு ஒட்டிட்டு, பிளேடு முனையில கொப்புளத்தைத் தூக்கி எடுங்க. 120 நம்பர் உப்புத்தாளை வெரல்நுனி அகலத்துக்கு மடிச்சுத் தேய்க்கோணும். செவப்பு போயி, காப்பி நெறம் போயி, வெள்ளிரும்பு மின்னற வரைக்கும். அதுலயும் குழிக்குள்ள கருப்புப் புள்ளி ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சுக்கிட்டு உங்களையே பாக்கும். "போதுஞ் சாமி"ன்னு விட்டீங்கன்னா அடுத்த ஆடிக்கு அதுதான் மொத விருந்தாளி. தாள் எட்டாத குழிக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு சொட்டு வெச்சு ஆறப் போடுங்க. பொறவு 400 நம்பர்ல ஓரத்தைச் சரிங்க. நடுவுல வெள்ளி, சுத்தி பிரைமர் சாம்பல், அப்பறம் நெறம்னு வளையம் வளையமாத் தெரியோணும், தடவுனா படி தட்டக்கூடாது.

வெள்ளிரும்பு தெரிஞ்சதுக்கப்பறம் டீ குடிக்கப் போயி ஊர்க்கதை பேசிட்டு வராதீங்க. ஈரக்காத்துல அது சாயங்காலத்துக்குள்ளயே செவந்துக்கும். ஸ்பிரிட்டுத் துணியில தொடச்சு, வெரல் படாம, பிரைமரை ரெண்டு தடவை மெலுசா வையுங்க. நம்மாளுங்க முக்காவாசிப் பேரு பிரைமரைத் தாண்டி நேரா கலருக்குப் போவாங்க, அப்பறம் "கம்பெனி பெயிண்டே சரியில்ல"ம்பாங்க. கலரும் வெள்ளைன்னா எல்லாம் ஒரே வெள்ளையில்லீங்க. வண்டியில ஒட்டியிருக்கற பெயிண்ட் கோடு பாத்து டச்சப் வாங்கோணும். மெலுசு மெலுசா வெச்சு, ஒவ்வொண்ணும் காஞ்ச பொறவு அடுத்தது. மேல கிளியர் கோட். நல்லா இறுகுனதும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும். வேக்ஸை ஒரு மாசம் கழிச்சுப் போடுங்க.

உங்க வீட்டுச் சின்னவரு கோலா ஊத்தித் தேய்க்கலாம்னாராமே. அதுல பாஸ்பாரிக் ஆசிட் இருக்கறது நெசந்தான், ஆனா கூட இருக்கற சர்க்கரைக்கு எறும்புதான் வரும். நீங்களோ அம்மிணியோட நகப்பாலிஷைத் தூக்கீட்டு வந்து நிக்கறீங்க. கொடுமணல்ல 2000 வருசத்துக்கு முந்தியே இரும்பு உருக்குன சீமைங்க இது! வழியில கல்லடிச்ச அன்னைக்கு, தகடு செவக்கறதுக்குள்ள நகப்பாலிஷை ஒரு தடவு தடவிக்கிட்டா பரவால்ல. துருவு மேல வேண்டாம்.

கதவடியில அந்த ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையில அழுத்திப் பாருங்க. தகடு அமுங்கிச்சு, இல்ல ஓட்டை உழுந்துச்சுன்னா உள்ளேருந்து தின்னுக்கிட்டு வந்திருக்குதுன்னு அர்த்தம். அதுக்கு டிங்கரிங் பட்டறைதான், வெட்டி வெச்சு வெல்டு அடிக்கோணும். இன்சூரன்சுல வாங்கிக்கலாம்னு கணக்குப் போட வேண்டாம். மோதுனாத் தருவாங்க, துருவேறுனாத் தரமாட்டாங்க.

ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி முடிச்சுருங்க மாப்ள. மூஞ்சிக்கு மாஸ்க்கு போட்டுக்கங்க, தின்னர் டப்பாவை வெயில்ல நிக்கற வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டாதீங்க. பெயிண்டடிக்கற அன்னைக்கு என்னைக் கூப்புடாதீங்க, நான் பீடி இல்லாம ஒரு எடத்துல நிக்கமாட்டேன்.