இரண்டாம் கையும் வாரிசும்: மார்க்கையன்கோட்டை ஸ்வெட்டர் குறித்து ஓர் ஆய்வு

எட்டு வயதுப் பிள்ளைக்குக் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்பது பெரிய ரகசியமல்ல. கூட்டிப் பெருக்கினால் தெரிந்துவிடும். 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, அதே உயரத்துக்கு 28 வரிசை என்று வைத்துக்கொள்வோம். உடம்புச் சுற்றளவு 70 செ.மீ., நீளம் 35 செ.மீ. என்றால் 140 கண்ணியில் 98 வரிசை, அதாவது 13,720. கை இரண்டும் சராசரியாக 45 கண்ணியில் 85 வரிசை, அது 7,650. கழுத்துப்பட்டைக்கு 630 சேர்த்தால் மொத்தம் 22,000 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி போடுகிற சாதாரணக் கைக்கு இது 18 மணி 20 நிமிட வேலை. மூட்டித் தைப்பதற்கும் பித்தான் வைப்பதற்கும் தாராளமாக நேரம் ஒதுக்கினாலும் 21 மணி நேரத்தைத் தாண்டாது. ஷெட்லாந்துத் தீவுக்காரரான ஹேசல் டிண்டால் 2008இல் மூன்று நிமிடத்தில் 262 கண்ணி போட்டு உலகின் வேகமான பின்னல்காரர் என்று பெயர் வாங்கினார். அவரிடம் கொடுத்தால் காலைப் பலகாரம் முடித்து உட்கார்ந்து, மாலைக் காப்பிக்கு முன்பே ஊசியைக் கீழே வைத்துவிடுவார். அவ்வளவு வேகம் நமக்கு வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம் பின்னினால் ஒரே மார்கழியில் முடிந்துபோகிற வேலைதான். ஆனால் முடிவதில்லை. நான்கு மார்கழி, ஐந்து மார்கழி போன பிறகும் இரண்டாம் கை பாதியில் நிற்கிறது. கணக்குக்கும் நடப்புக்கும் நடுவில் இத்தனை வருஷம் எங்கே போயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களமாக மார்க்கையன்கோட்டையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஊட்டியில் குளிர் வருஷம் முழுக்க இருக்கிறது. ராமநாதபுரத்தில் வருஷம் முழுக்க இல்லை. முதல் ஊரில் ஸ்வெட்டரை முடித்தே ஆக வேண்டும், இரண்டாம் ஊரில் ஆரம்பிக்கவே வேண்டாம். சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் நடுவில் நெல்வயலும் தென்னையுமாகக் கிடக்கும் மார்க்கையன்கோட்டையோ இரண்டுங்கெட்டான் நிலம். மார்கழி விடியலில் மலையிலிருந்து இறங்கும் குளிர், வாசல் தெளிக்க வருகிறவரின் காதை இறுக்கும். பத்து மணி வெயிலில் அதே ஆள் முந்தானையால் விசிறிக்கொள்வார். ஸ்வெட்டர் வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்கும் அளவுக்குக் குளிர் இருக்கிறது, அதை முடிக்க வைக்கும் அளவுக்கு இல்லை. தாமதத்தைச் சுத்தமான நிலையில் பார்க்க விரும்புகிற ஆய்வாளருக்கு இதைவிட நல்ல களம் அமையாது.

குளிர் படாமல் ஸ்வெட்டர் நினைப்பு வராது. ஐப்பசியில் யாரும் உல்லன் வாங்குவதில்லை. கார்த்திகை கடைசியில் பிள்ளை ஒருமுறை தும்மிய பிறகுதான் தேனிக்குப் போகும்போது பார்க்கலாம் என்ற பேச்சு எழுகிறது. நூல் உருண்டையும் பத்தாம் நம்பர் ஊசியும் வீடு வந்து சேரும்போது மார்கழி ஒரு வாரம் கழிந்திருக்கும். குமுளிச் சாலையில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் இரவும் பகலும் ஓடுகிற நாட்கள் அவை. வழியில் இறங்கி ஒருவேளை சாப்பிட்டுப் போகும் உறவுக்காரச் சாமிகளுக்குப் பஞ்சமிருக்காது. அடுத்து பொங்கலுக்கு வீடு ஒழித்து வெள்ளையடிப்பது. தை பிறந்து, பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15இல் கம்பம் பள்ளத்தாக்கு அவருக்கென்று ஒரு பொங்கல் வைத்து முடிக்கும்போது உடம்பும் ஒரு கையும் ஆகியிருந்தால் அது சாதனை. மாசியில் மடியில் கம்பளி கிடந்தால் தொடை வேர்க்கிறது. ஃபேனைப் போட்டால் உருண்டை கட்டிலுக்கடியில் உருண்டு ஓடுகிறது. எல்லாம் அந்துருண்டையோடு பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

இதுவரை சொன்னது பருவக் கணக்கு. இது மட்டும் என்றால் அடுத்த மார்கழியில் மீதிக் கையை முடித்துவிடலாமே? முடியாது. பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடுகிறது. அந்த வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம் கூடுகிறது. பின்னிய கை மணிக்கட்டுக்கு மேலே நின்றுவிடுகிறது. அதை நீட்டலாம் என்றால் நூல் தீர்ந்திருக்கும். அதே நிறம் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுக்கிற புது உருண்டை வேறொரு சாயத்தில் முங்கி வந்திருக்கும். ஹோமர் காவியத்தில் பெனலோப், மாமனாருக்கென்று நெய்த சவத்துணியைப் பகலில் நெய்து இரவில் பிரித்து மூன்று வருஷம் ஓட்டினாள். மாமனார் வளர மாட்டார் என்பதால் அவளே உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. மார்க்கையன்கோட்டையில் அந்த வேலையைப் பிள்ளை தானே செய்துவிடுகிறது, அதுவும் தூங்கிக்கொண்டே.

இங்கிருந்து கிடைக்கும் முடிவை வாரிசுக் கோட்பாடு என்று அழைக்கலாம். நாள்பட்ட ஸ்வெட்டர் முடிவது பின்னுகிறவருக்குச் சுறுசுறுப்பு வந்ததால் அல்ல. யாருக்கென்று ஆரம்பித்தார்களோ அவருக்கு அது இனி ஒருபோதும் பொருந்தாது என்று உறுதியாகி, அதே அளவில் இன்னொரு உடம்பு வீட்டுக்குள் வந்து சேரும்போதுதான் அது முடிகிறது. மூத்தவனுக்கு ஆரம்பித்தது இளையவளுக்கு முடியும். இளையவளும் தப்பினால் பேரன்வரை காத்திருக்கும்.

ஆதாரத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊர் வயலுக்குப் பாயும் தண்ணீரே சாட்சி. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை 1789இல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளையிடமிருந்து வந்தது. செலவு கட்டாது என்று நின்றது. 1808இல் கால்டுவெல் என்ற அதிகாரி வந்து பார்த்துவிட்டு இது நடக்காது என்று எழுதினார். 1850இல் ஒரு சிறிய அணையை ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். பிறகு 1887இல் பென்னிகுயிக் தொடங்கி, 1895 அக்டோபரில் திறப்பு. யோசனைக்கும் திறப்புக்கும் இடையே 106 ஆண்டு. யோசித்தது சேதுபதி சீமை. முதல் தண்ணீரைக் குடிப்பதோ கம்பம் பள்ளத்தாக்கு. இன்று ஜூன் மாதம் மதகு திறந்தால் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்ந்த பிறகே மிச்சம் வைகை வழியாகக் கிழக்கே போகிறது. ராமநாதபுரத்துக்கு அளவெடுத்தது மார்க்கையன்கோட்டைக்குப் பொருந்திவிட்டது. கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்றைக் கேட்பவர், அணையைவிடப் பெரிய ஸ்வெட்டர் எதையாவது காட்டட்டும்.

மறுப்புகள் உண்டு. சனீஸ்வரர் கோயில் உள்ள குச்சனூர் பக்கத்தில் இருப்பதால் முதல் மறுப்பு அங்கிருந்தே வருகிறது: தாமதத்துக்குக் காரணம் ஏழரைச் சனி, தனியாகக் கோட்பாடு எதற்கு? சனீஸ்வரர்மேல் உரிய மரியாதையோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. எந்த நேரத்திலும் ஏழரை நடப்பது 12 ராசியில் மூன்றுக்கே. அஷ்டமத்தையும் அர்த்தாஷ்டமத்தையும் சேர்த்துக்கொண்டாலும் ஐந்துதான். மீதி ஏழு ராசிக்காரர்களின் ஸ்வெட்டரும் பீரோவில்தானே கிடக்கிறது? அதோடு ஏழரை என்பது ஏழரையில் முடிந்துவிடும். அவ்வளவு திட்டமான கெடு எந்த ஸ்வெட்டருக்கும் கிடையாது.

இரண்டாம் மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. கீழிருந்து மேலே பின்னுவதால்தான் கை கடைசியில் மாட்டிக்கொள்கிறது, கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கினால் பிள்ளைமேல் போட்டுப் பார்த்துக்கொண்டே முடிக்கலாம் என்பார்கள். அமெரிக்காவின் பார்பரா வாக்கர் இந்த முறைக்கென்றே 1972இல் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல முறைதான். ஆனால் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த வேலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் சிகரத்தை நகைபோல முடித்துவிட்டுக் கீழ்ப்பகுதியை அப்படியே விட்டுப்போனார்கள். மேலிருந்து ஆரம்பித்தால் முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை கோவில்பட்டி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மூன்றாவது மறுப்புதான் கொஞ்சம் கனமானது. பிள்ளை வளர்வதால்தான் தாமதம் என்றால், வளர்ச்சி நின்றுபோன பெரியவர்களின் ஸ்வெட்டர் சீக்கிரம் முடிய வேண்டுமல்லவா? உதாரணத்துக்கு, வீட்டுக்காரருக்குப் பின்னுவது. ஐம்பது வயதில் அவர் கை நீளப் போவதில்லை. இடுப்பு கூடினாலும் கம்பளி இழுத்துக் கொடுக்கும். ஆனால் கோட்பாட்டைச் சரியாகப் படித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். முடிப்பது வளர்ச்சி நிற்பதல்ல, வாரிசு வருவது. பிள்ளையின் அளவு தவறிப்போகும், அதே அளவில் அடுத்தது வரும். வீட்டுக்காரரின் அளவு தவறுவதுமில்லை, அவர் இடத்துக்கு இன்னொருவர் வரப்போவதுமில்லை. ஆகவே அவருக்கான ஸ்வெட்டர் முடியவே முடியாது என்பதே கோட்பாட்டின் கணிப்பு. இதற்கு எதிரான சான்று இதுவரை பள்ளத்தாக்கிலிருந்து வரவில்லை. ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறுகிற ஆண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவதற்கு வீரம் காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

வழி ஒன்று இருக்கிறது. அவருக்கென்று பாதி பின்னியதைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டால் சுருக்கம் விட்டுவிடும். பெரியவர் அளவு என்பதால் நூல் தாராளமாக மிஞ்சும். சாயம் மாறுமோ என்ற பயமும் இல்லை. பேரனுக்கு நான்கு வயது அளவில் ஆரம்பிக்கலாம். அவனுக்கு ஆறு வயது ஆகும்போது, தங்கைக்கு அது கச்சிதமாக முடியும்.