பெரிய மீட்டர் பிரியர்

பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரிய மீட்டர் பிரியர் தனி இனம். துருவைத் தேடித் தேடிச் சுரண்டுபவர், பம்பரைப் பார்த்து மீசை முறுக்குபவர், ஆண்டுக்கொரு முறை பேரணிக்கு மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர் ஆகியோர் வேறு இனங்கள். அவர்களுக்கு ஊரார் பார்க்கும் பக்கம்தான் கார். இவருக்கோ ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை அடி டேஷ்போர்டுதான் கார். எஞ்சின், டேங்க், சக்கரம் எல்லாம் அந்த ஒன்றரை அடிக்குத் தகவல் அனுப்பவே படைக்கப்பட்டவை என்பது இவர் சித்தாந்தம்.

அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் தமிழ்நாட்டில் இந்த இனத்தின் முக்கிய வாழிடங்கள். இவற்றில் ஹெரால்டு மிகவும் தோதானது. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் சென்னையில் தயாரான கார் அது. ட்ரையம்ஃபின் தொடக்ககால சலூனில் ஓட்டுநருக்கு எதிரே ஒரே ஒரு பெரிய வட்டம்தான். அதற்குள்ளேயே வேகமும் பெட்ரோலும் அடங்கிவிடும். வண்டி போகிறதா, எவ்வளவு தூரம் போகும் என்ற இரண்டு விஷயம் தெரிந்தால் சராசரி மனிதனுக்குப் போதும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். பெரிய மீட்டர் பிரியரை அவர்கள் சந்தித்ததில்லை.

நோய் பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டித் தொடங்குகிறது. முதல் அறிகுறி, கண்ணாடி மாற்ற வேண்டிய நேரத்தில் மீட்டரை மாற்றுவது. கடைகளில் கிடைக்கும் சிறிய மீட்டரின் துளை விட்டம் 52 மில்லிமீட்டர். அதில் முள் தெரியவில்லை என்று 85 மில்லிமீட்டருக்குத் தாவுகிறார். கூடியது 33 மில்லிமீட்டர்தானே என்று வீட்டில் சமாதானம் சொல்வார். ஆனால் வட்டத்தின் பரப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் பெருகிவிட்டது. கணக்கு தெரிந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தச் சமாதானம் எடுபடாது.

அடுத்த கட்டம் கொள்முதல். சென்னைக்காரர் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பேட்டையில் காணலாம். குவிந்து கிடக்கும் பழைய சாமான்களுக்கு நடுவே குந்தியிருந்து, ஒரு மீட்டரைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர் இவர்தான். தேவை வேகமானியும் டெம்பரேச்சர் மீட்டரும் மட்டும். வீடு திரும்பும்போது பையில் ஆயில் பிரஷர், ஆம்பியர், வோல்ட், ஆர்.பி.எம். எல்லாம் இருக்கும். “சேர்த்து எடுத்தா குறைச்சுத் தரேன்னான்” என்பது நிரந்தர விளக்கம்.

பின்பு துளை போடும் படலம். புதிய பலகையில் 85 மில்லிமீட்டர் துளை போடுவது எளிது. வட்ட ரம்பத்தின் நடுவிலுள்ள துரப்பணம் மரத்தைப் பிடித்துக்கொள்ளும், ரம்பம் அதைச் சுற்றி வரும். ஏற்கெனவே இருக்கும் 52 மில்லிமீட்டர் துளையைப் பெரிதாக்கும்போது நடுத் துரப்பணத்துக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ரம்பம் துள்ளி, டேஷ்போர்டின் மேல் அழியாத கோலம் ஒன்றைப் போட்டுவிடும். துளைக்குப் பின்னால் ஒரு பிளைவுட் துண்டை இறுக்கிக் கட்டினால் துரப்பணத்துக்கு மையம் கிடைத்துவிடும். இது இவருக்குத் தெரியும். பிறருக்குப் பலமுறை சொல்லியும் இருப்பார். தன் வண்டியில் மட்டும் அரைவட்ட அரத்தை எடுத்து ராவத் தொடங்குவார். மாலைக்குள் துளை முட்டை வடிவம் பெறும். மீட்டரின் குரோமிய விளிம்பு துளையைவிடச் சற்று அகலம் என்பதால் பாவங்கள் பாதி மறைந்துவிடும். மீதிப் பாவத்துக்கு ரப்பர் வளையம்.

முன்புறம் பொருந்தியதும் பின்புறம் நினைவுக்கு வரும். டேஷ்போர்டின் பின்னால் வைப்பர் இணைப்பு, சோக் கேபிள், நாற்பதாண்டுக் கால வயர்க் கற்றை எல்லாம் முன்பே குடியிருக்கின்றன. ஆழமான புது மீட்டர் அங்கே கூட்டுக் குடும்பத்தில் நுழைந்த புது மருமகனைப் போல எங்கு திரும்பினாலும் இடிக்கும். இந்த உண்மையைத் துளை போடுவதற்கு முன்பே ஓர் அடிக்குச்சியால் அளந்திருக்கலாம். அந்த இனத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

மின்சாரப் பகுதி இன்னும் செழிப்பானது. தகரத்தைக் கழற்றிவிட்டு மெருகேற்றிய தேக்குப் பலகை வைத்தவர்கள், இரவில் ஒரு மீட்டரிலும் விளக்கு எரியாததைக் கண்டு பல்புக்காரனைத் திட்டுவார்கள். தகரம் தானே எர்த்தாக இருந்தது. தேக்கு எர்த் ஆகாது. ஒவ்வொரு மீட்டருக்கும் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும். அடுத்து, 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதை மறந்து புதுக்கால ஆர்.பி.எம். மீட்டரை மாட்டினால், அது தன் முதல் அளவீட்டையும் கடைசி அளவீட்டையும் ஒரே புகையாகக் காட்டிவிட்டு ஓயும். பழைய ஸ்மித்ஸ் மீட்டர்கள் பலவற்றுக்கு ஸ்டெபிலைசர் வழியாக 10 வோல்ட்தான் போக வேண்டும். நேரே 12 வோல்ட் கொடுத்தால் எல்லா முள்ளும் மிகைப்படுத்தும். எஞ்சின் எப்போதும் கொதிக்கும், டேங்க் எப்போதும் வளமாக இருக்கும்.

பெட்ரோல் மீட்டர்தான் இந்த இனத்தின் மகுடம். டேங்குக்குள் மிதவையோடு கூடிய சென்டர் (sender) ஒன்று இருக்கிறது. மீட்டர் அதன் மின்தடையைத்தான் படிக்கிறது. வி.டி.ஓ. வகை ஐரோப்பிய சென்டர் காலி டேங்கில் 10 ஓம், நிறைந்த டேங்கில் 180 ஓம் காட்டும். அமெரிக்க வகை மீட்டரோ காலிக்கு 240, நிறைவுக்கு 33 என்று தலைகீழாக எதிர்பார்க்கும். முகப்பு அழகாக இருக்கிறதே என்று இந்த இரண்டையும் மணமுடித்து வைத்தால், பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். திண்டிவனம் தாண்டிய நெடுஞ்சாலையில் இதன் விளைவு கீழ்க்கண்டவாறு அமையும்.

“ஏங்க, பெட்ரோல் இருக்கா?”

“முள்ளு எங்க நிக்குதுன்னு நீயே பாரேன். ஃபுல்லுக்கும் மேல.”

“வீட்ல கிளம்பும்போது பாதிதான இருந்துச்சு?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்குள் வண்டி நின்றுவிடும்.

வேகமானியிலும் இதே கதை. முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அதன் பொருள். 1000 சுற்றுக் காரில் 1250 எண் கொண்ட பெரிய மீட்டரை மாட்டினால், 50 மைல் வேகத்தில் போகும்போது 40 என்று காட்டும். போலீஸ் ரேடாரில் இந்தச் சலுகை கிடையாது. ஆயில் பிரஷரில் மெக்கானிக்கல் வகையையே இவர் விரும்புவார். எஞ்சின் ஆயிலே மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டுக்கு நேரில் வந்து சேதி சொல்லும் வகை அது. இணைப்பில் வாஷர் சரியில்லை என்றால் சேதி ஓட்டுநரின் வேட்டியிலும் பதிவாகும்.

முற்றிய நிலையில் எட்டு மீட்டர்கள் ஒளிரும் டேஷ்போர்டின் முன் இவர் அமர்ந்திருப்பார். வண்டி ஷெட்டிலேயே நிற்கும். எஞ்சின் மட்டும் ஓடும். சாலையில் ஓட்டினால் எட்டையும் ஒருங்கே கவனிக்க முடிவதில்லை என்பது காரணம். மனைவி காபியை ஷெட்டுக்கே அனுப்பிவிடுவார்.

இவரைத் திருத்த முடியாது, சேதத்தைக் குறைக்கலாம். அசல் பலகையை வெட்ட விடாமல் கழற்றி, துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட வேண்டும். வெட்டுவதெல்லாம் புதிதாகச் செய்த பலகையாக இருக்கட்டும். அசல் டேஷ்போர்டு உள்ள பழைய காருக்கே சந்தையில் மதிப்பு. ராவிய துளையை எந்த டிங்கரும் பழையபடி ஆக்கித் தர முடியாது. மீட்டர் வாங்கும்போது அதற்கு ஒத்த சென்டரையும் அதே கடையில் வாங்க வேண்டும். முகப்பு எவ்வளவு பெரிதானாலும் சென்டர் சொல்வதைத்தான் முள் சொல்லும். இப்படிப்பட்டவரிடம் கார் வாங்க நேர்ந்தால் எட்டு மீட்டரையும் மனதாரப் பாராட்டுங்கள். புறப்படும் முன் டேங்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.